அத்தை அறையின் வாடை

எங்கள் வீட்டில் முதலில் கறுத்தது என் கொலுசுதான். பக்கத்து வீட்டுக்காரம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு உடம்பில் சூடு ஏறிவிட்டது, வெள்ளி காட்டிக்கொடுக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு விடிந்ததும் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். வழவழவென்று தொண்டைக்குள் இறங்கும் அந்தக் கசப்பை யார் செய்த குற்றத்துக்காக விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பது வெளியே வரப் பல மாதம் ஆயிற்று. அடுத்து அம்மாவின் மெட்டி கறுத்தது. பிறகு சாமி மாடத்துப் பித்தளை விளக்கு. விளக்குக்கு வெந்தயம் கொடுக்க முடியாது என்பதால் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்த்த சூடு ஆறுவதற்குள் மறுபடி மங்கிவிடும். புளி சரியில்லை என்று அப்பா சொன்னார். வீட்டில் எது கெட்டுப்போனாலும் அப்பாவிடம் உடனே ஒரு காரணம் தயாராக இருக்கும். அது எப்போதும் வீட்டுக்கு வெளியேதான் இருக்கும்.

வாடை அதற்குப் பிறகு வந்தது. முன்பே வந்திருக்கலாம், எங்களுக்கு உறைத்தது அப்போதுதான். அழுகின முட்டையை யாரோ ஹாலில் உடைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்ட மாதிரி ஒரு நாற்றம். காலையில் லேசாக இருக்கும். மத்தியானம் ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டால் கெட்டியாகிவிடும். அம்மாவுக்குத் தலைவலி வந்து புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு சமைத்தாள். எலி செத்திருக்கும் என்று அப்பா பரணில் ஏறி அண்டா, குண்டா, கிழிந்த பாய் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டார். எலி இல்லை. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் மூடியில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்து அவர்களோடு சண்டை போட்டார். எனக்கு வெந்தயம் சொன்ன பக்கத்து வீட்டுக்காரம்மா அதோடு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள், வெந்தயம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் அப்பா எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பெனியின் மேல் பழியைப் போட்டார். மொட்டை மாடியில் நின்று அந்தப் பக்கம் மூக்கை நீட்டி இழுத்துப் பார்ப்பார். மாடியில் வாடையே இருக்காது. காற்று திரும்பிக்கொண்டது என்று சொல்லிவிட்டு இறங்கி வருவார்.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பென்னலூருக்கும் மண்ணூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் பஸ் கண்டக்டரே கொஞ்சம் யோசிப்பார். எங்கள் நிலம் இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கும். நான் பிறந்தபோதே அப்படித்தான், அதனால் எனக்கு அதில் துக்கம் ஒன்றும் கிடையாது. நான் அறிந்த உலகம் நீலத் தகரக் கூரைகளும், அவற்றுக்குள்ளிருந்து ஓயாமல் வரும் ஒரு ரீங்காரமும், ராத்திரியிலும் முழுசாக இருட்டாத ஆரஞ்சு வானமும்தான். அந்த ரீங்காரத்தில் எப்போது தூங்கினேன், எப்போது விழித்தேன் என்று எனக்குப் பாதி நாள் தெரியாது. அந்த வயசு நினைவுகள் எல்லாமே அரைத்தூக்கத்தில் பார்த்தவை மாதிரி வருகின்றன. இந்த ஒன்று மட்டும் வாடையோடு வருகிறது.

நிலம் போன பிறகு அப்பா கட்டிய வீட்டில் ஒரு ஹால், இரண்டு அறை. முன் அறை எங்களுக்கு, பின் அறை அத்தைக்கு. அத்தை அப்பாவின் தங்கை. தாத்தாவும் பாட்டியும் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார்கள். அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது எல்லாம் அப்பாதான். பிளஸ் டூ முடித்ததும் அவள் செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்து குளிக்க உங்கள் வரிசையிலெல்லாம் நிற்க முடியாது, என் அறைக்குள்ளேயே பாத்ரூம் வேண்டும் என்று வீடு கட்டும்போது ஒற்றைக்காலில் நின்றாள். தூங்குகிற இடத்தில் கக்கூஸா என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவள் கேட்டுவிட்டாள், செய்ய வேண்டியதுதானே என்று அப்பா கட்டிவிட்டார். தெருவில் அப்படிக் கட்டிய முதல் வீடு எங்களுடையதுதான்.

பதிலுக்கு அத்தை தன் போனஸில் ஹாலுக்கு ஏசி வாங்கினாள். அந்த ஏசியின் காப்பர் பைப் ஹால் சுவரைத் துளைத்துக்கொண்டு அத்தை அறைக்குள் போய், அவள் பாத்ரூம் மூலையில் வளைந்து, பின்சுவர் வழியாக வெளியே வந்து, அங்கே மாட்டியிருந்த பெட்டியில் சேர்ந்தது. இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

ஒருநாள் ஷிஃப்டுக்குப் போன அத்தை திரும்பி வரவில்லை. அவள் லைனில் வேலை பார்த்த தென்காசிப் பக்கத்துப் பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரகடத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே ஒரு வாடகை அறையில் குடியேறிவிட்டார்கள். பையன் வேறு சாதி. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பெரியவர்கள் சேதியை என் தலைக்கு மேலேயே பேசி முடித்துவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: விடிந்ததும் அப்பா அத்தை அறையைப் பூட்டினார். மாடிக்குப் போய் அந்த பாத்ரூமுக்கு வரும் தண்ணீரைத் திருகி மூடினார். சாவியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஈரத் துண்டோடு, தெருவில் யாரையும் பார்க்காமல் நடந்து வந்தார். சாவி கையில் இல்லை. அம்மா வாசலில் வைத்திருந்த சொம்புத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"தல முழுகிட்டேன். இனிமே இந்த வூட்ல அவ பேச்சே வரக் கூடாது."

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எதிர்வீட்டுப் பெரியவர் செத்துப்போனார். தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏரியில் தலை முழுகி ஈரத்தோடு வந்தார்கள், இப்படித்தான் வாசலில் காலைக் கழுவினார்கள். ஆக, அத்தை செத்துப்போய்விட்டாள். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எதிர்வீட்டில் மேளம் அடித்தார்கள், பூப்பல்லக்கு கட்டினார்கள், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எங்கள் வீட்டில் மேளமும் இல்லை, பூவும் இல்லை, அம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சியதைத் தவிர அழுகையும் இல்லை. எங்கள் வாசலைவிட்டுப் பாடை கிளம்பவே இல்லை. அப்படியென்றால் அத்தை எங்கே? அதற்குத்தான் அந்தப் பூட்டு தொங்குகிறதே. ஒரு சிறுமியின் கணக்கு அது, ஆனால் எங்கேயும் இடறவில்லை. சில மாதம் கழித்து அந்த அறைப் பக்கமிருந்து நாற்றம் வரத் தொடங்கியபோது விடை சரிதான் என்று ஆகிவிட்டது.

பயம் வந்ததா என்று கேட்டால், இல்லை. பயப்படுகிற அளவுக்கு அத்தை அந்நியம் இல்லை. எனக்கு ஏக்கமாக இருந்தது. கோடை விடுமுறையில் அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா தலைவலியோடு படுத்த பிறகு, நான் அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பேன். கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி உண்டு. அதற்குள்ளிருந்து வாடை மெதுவாக வரும். அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்வேன். வெந்தயத்தைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி. பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து அடியில் தள்ளுவேன். சாயங்காலம் பார்த்தால் இருக்காது. எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டு அம்மா கதவு ஓரமாக எறும்புச் சாக்பீஸால் கோடு இழுத்தாள். அத்தைக்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்களே என்று அன்றைக்கு நான் குப்புறப் படுத்து அழுதேன். ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன். சாயங்காலமும் வெந்தயம் கிடைத்தது.

தூக்கத்தில் அத்தை வருவாள். கம்பெனியில் போடுகிற நீலக் கோட்டு, முடி தெரியாமல் இழுத்துவிட்ட வெள்ளைத் தொப்பி, அதோடு ஏரிக்கு அடியில் நடந்து போவாள். சாவி அங்கேதானே விழுந்தது. சேற்றில் குனிந்து குனிந்து தேடுவாள். ஒவ்வொரு கூழாங்கல்லையும் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, இது பாஸ், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவாள். மேலே கம்பெனி ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் கரையில் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. விழித்தால் ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஹால் முழுக்க முட்டை நாறும்.

அந்த ஏசியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தலை முழுகிய கையோடு, அவள் வாங்கியதை இந்த வீட்டில் யாரும் தொடக் கூடாது என்று அப்பா ரிமோட்டை பீரோவின் மேல் போட்டுவிட்டார். மாசி வரைக்கும் அந்த வைராக்கியம் நின்றது. பங்குனியில் ஆட்டம் கண்டது. சித்திரை பிறந்த அன்றைக்கு அப்பாவே ஸ்டூல் போட்டு ஏறி ரிமோட்டை எடுத்தார். எங்களைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கினார். தங்கையைத் தலை முழுகலாம், ஸ்ரீபெரும்புதூர் வெயிலைத் தலை முழுக முடியுமா.

ஆனால் ஏசியில் காற்று வந்ததே தவிரக் குளிர்ச்சி வரவில்லை. ஒரு மெக்கானிக் வந்தான். சிவகங்கைப் பக்கத்துப் பையன், மண்ணூரில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். அந்தத் தெற்கத்திப் பேச்சு காதில் விழுந்ததுமே அப்பாவின் முகம் இறுகியது. அந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் யார் வீட்டுத் தங்கையையாவது இழுத்துக்கொண்டு போகத்தான் பஸ் ஏறி வருகிறார்கள் என்பது அந்த வருஷத்து அப்பாவின் கட்சி. அவனுக்கு ஒரு வாய் காபி கொடுக்க விடவில்லை. அவன் கேஸ் ஏற்றிவிட்டு, போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் என்று ஏதோ சொன்னான். குளிர் கொஞ்ச நாள் வந்து மறுபடி நின்றது. திரும்ப வந்தவன் இந்த முறை கம்பெனிப் புகை என்றான். தன் கட்சிக்கு ஆள் சேர்ந்ததில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், அன்றைக்குக் காபி கிடைத்தது. மூன்றாம் முறையும் கேஸ் போனபோது பையனுக்கே ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஹால் சுவரில் பைப்புக்கு மேலே சுற்றியிருந்த நுரை உறையைக் கத்தியால் கீறிப் பிரித்தான்.

உள்ளே பைப் கறுப்பாக இருந்தது. புதுச் செம்புக் குடம் மாதிரி மின்ன வேண்டியது, அடுப்புக்கரி பூசின மாதிரி இருந்தது. அவன் கட்டைவிரலால் தேய்த்தான், போகவில்லை. மோந்து பார்த்தான். வெளியே போய்ப் பின்சுவரில் பைப் வெளிவரும் இடத்தைப் பார்த்தான். அங்கேயும் கறுப்பு. திரும்பி வந்து ஹாலில் இருந்த சாமி விளக்கைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். இந்த வாடை பட்டால் செம்பு, வெள்ளி, பித்தளை எல்லாம் இப்படித்தான் கறுக்கும், உங்கள் வீட்டுக்குள்ளேதான் எங்கேயோ சாக்கடைக் காற்று ஏறுகிறது, அதில் பைப் அரித்து கேஸ் ஒழுகுகிறது என்று சொன்னான். இதைத் தன் முந்தின இரண்டு பேச்சையும் மறந்தவன்போலவே சொன்னான். பிறகு சுவரில் பைப் நுழையும் ஓட்டையைக் காட்டினான்.

"அண்ணே, இதுக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

"அங்க ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா.

பையன் பூட்டைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். அந்த அறையைத் திறந்தால் பாத்து முடிச்சிரலாம்ணே என்று அவன் மறுபடி சொன்னான். சாவி இல்லை என்றார் அப்பா. பூட்டை உடைக்கலாமே என்றான். உடைக்க முடியாது, பைப்பை வெளியே சுற்றிக் கொண்டுபோ, எத்தனை அடி ஆனாலும் பரவாயில்லை என்றார். சுற்றிக் கொண்டுபோகலாம், ஆனால் வாடை போகாதுண்ணே, புது பைப்பும் கறுத்துப்போகும் என்றான். வாடை கம்பெனியிலிருந்து வருகிறது, நீதானே சொன்னாய் என்று அப்பா குரலை உயர்த்தினார். அம்மா என்றுமில்லாமல், "ஏங்க, ஒருவேள அந்த ரூமுல" என்று ஆரம்பித்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார்.

பையன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தான். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி எங்கள் வீட்டில் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் அவன். அவனும் போய்விட்டால் அத்தை அப்படியே கிடப்பாள். நான் அப்பாவின் லுங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, தொறங்கப்பா. உள்ள அத்த செத்துக் கெடக்குது. அதான் நாறுது."

மெக்கானிக் பையன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். அவன் கண் வாசல் பக்கம் போனது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாவம், பிழைக்க வந்த ஊரில் இப்படியும் ஒரு சிக்கலா என்று நினைத்திருப்பான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என் பக்கம் குனிந்தார். அவ்வளவு மெதுவான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"யாரு சொன்னது உனுக்கு?"

"நீங்கதான். தல முழுகிட்டு வந்தீங்களே."

அப்பா என்னை அடிப்பார் என்று அம்மா நினைத்தாள், ஓடி வந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவர் அடிக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டில் முதல் அடி விழுந்தபோது வீடே அதிர்ந்தது. அத்தைக்கு வலிக்கப் போகிறது, மெதுவாக என்று நான் கத்தினேன். அதற்குப் பிறகு அவர் அடித்த அடிகள் எல்லாம் தாறுமாறாக விழுந்தன, பாதி கதவில்தான் பட்டன. கடைசியில் நாதாங்கியே பெயர்ந்து வந்துவிட்டது.

வாடை முகத்தில் அறைந்தது. அதற்குப் பின்னால் ஓர் அமைதி. ஜன்னல் இடுக்கு வழியாக வந்த வெயிலில் தூசி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் பூப்போட்ட போர்வை, அன்றைக்கு உதறி விரித்தபடியே. கொக்கியில் நைட்டி. கண்ணாடியில் ஒட்டிய பொட்டுகள். எல்லாம் அவள் இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன மாதிரி இருந்தது. நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன். அலமாரிக் கதவைத் திறந்தேன். அத்தை இல்லை. கதவோரத்தில் என் பிஸ்கட் தூள் மட்டும் இருந்தது.

மெக்கானிக் துணிச்சல் வந்து பாத்ரூமுக்குள் போனான். தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டையின் சல்லடையைக் கிளப்பி மூக்கை வைத்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சிரித்தான். இந்த ஓட்டைக்கு அடியில் குழாய் வளைந்திருக்கும், அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் கீழே இருக்கிற செப்டிக் டேங்க் காற்றுக்குக் கதவு என்று விளக்கினான். தண்ணீர் வற்றினால் கதவு திறந்துவிடும். கக்கூஸ் கோப்பையிலும் அதே கதைதான், அதுவும் காய்ந்து கறை படிந்து கிடந்தது. மேலே மூலையில் காப்பர் பைப்பின் வளைவு கரியாகக் கறுத்து, ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. மாதக்கணக்கில் அந்தக் காற்று அதன் மேலேயே ஏறியிருக்கிறது.

"பெரிய கோளாறு ஒண்ணுமில்லண்ணே. ஆளு பொழங்காம காஞ்சு போச்சு. தெனம் யாராச்சும் பொழங்குனா இது வராது. இல்லாட்டி ஒரு சொம்புத் தண்ணியாச்சும் ஊத்திக்கிட்டே இருக்கணும்."

அம்மா அடுப்படியிலிருந்து குடத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் இரண்டிலும் ஊற்றினான். களக் களக் என்று தொண்டைக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். சாயங்காலத்துக்குள் வாடை போன இடம் தெரியவில்லை. எலி, பக்கத்து வீடு, கம்பெனி என்று அத்தனை பேரும் ஒரு குடம் தண்ணீரில் நிரபராதிகள் ஆனார்கள். யாரும் போய் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அப்பா மட்டும் அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பையன் வளைவை வெட்டிப் புது பைப் பற்றவைத்து, கேஸ் ஏற்றி, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போகும்வரை அப்படியேதான் இருந்தார்.

எனக்குப் பிரச்சினை தீரவில்லை. அறையில் அத்தை இல்லையென்றால் எங்கே கொண்டுபோனார்கள்? அம்மா என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, அப்பா காதில் விழும்படியாகவே சொன்னாள். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்யாணம் கட்டிக்கொண்டு ஒரகடத்தில் நன்றாக இருக்கிறாள் என்று. அந்த வீட்டில் பல மாதத்துக்குப் பிறகு அத்தை பேச்சு வந்தது அன்றைக்குத்தான். அப்பா தடுக்கவில்லை. ஆனால் நான் நம்பினால்தானே. செத்தவர்களுக்குத்தானே தலை முழுகுவார்கள், உயிரோடு இருக்கிறவளுக்கு அப்பா ஏன் முழுகினார் என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். சொல்லுங்க, குழந்தை கேக்குதில்ல என்றாள். அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன்பின் தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா ஒரு சொம்புத் தண்ணீரோடு அந்த அறைக்குள் போவார். நான் ஊத்துறேன், விடுங்க என்று அம்மா சொன்னால், உனக்கு அந்த ஓட்டையில் சரியாக ஊற்ற வராது என்பார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஆகும். அவரை வேலைக்கு ஏற்றிப்போக வரும் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்த பிறகுதான் வெளியே வருவார். நானோ விடுவதாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால், தூங்கப் படுத்தால், அவர் ஷூவைக் கழற்றினால், ஒரே பாட்டு. அத்த உயிரோட கீதுன்னா காட்டுங்க. கடைசியில் ஒரு வார லீவு நாள் மத்தியானம், அம்மாவிடம்கூடச் சொல்லாமல், அப்பா என்னை வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரகடம் ரோடு அவ்வளவு அகலம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெயிலில் ரோடு நீர் தேங்கின மாதிரி நெளிந்தது. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் தூங்குகிறவன் மூச்சுவிடுவதுபோல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெரிய கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், தார்ப்பாய் கட்டிய ஒரு டீக்கடை. அப்பா வண்டியைக் கடைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய்ப் புங்க மரத்தோடு சாய்த்து நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் கேட்காமலேயே அப்பாவுக்கு முன்னால் சர்க்கரை போடாத டீயை வைத்தார். எனக்கு ஒரு பன் கொடுத்தார், பல்லைக் காட்டிச் சிரித்தார். இன்னும் ஷிஃப்ட் விடல ணா என்று சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. கேட்டிலிருந்து பெண்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் ஒரே நீலக் கோட்டு. எல்லாரும் அத்தை. இது அந்த ஏரிக்கனவா, நிஜமா என்று கையிலிருந்த பன்னைக் கடித்துப் பார்த்துக்கொண்டேன்.

"அங்க இல்ல, இப்புடி பாரு" என்று அப்பா என் மோவாயைப் பிடித்துத் திருப்பினார். "கடைசிலதான் வருவா. பச்சக் கொட வச்சிருப்பா. முடியக் கட் பண்ணிக்கினா, அதனால டக்குனு தெரியாது. மூணாவது பஸ்ஸுதான் அவுளுது."

எல்லாரும் வந்து ஓய்ந்த பிறகு பச்சைக் குடை வந்தது. முடி தோள் வரைக்கும்தான் இருந்தது. ஆனால் அந்த நடை, ஒரு தோளைக் கொஞ்சம் தூக்கினாற்போல் நடக்கிற நடை. அத்தை செத்துப்போகவில்லை, செத்துப்போகவே இல்லை. பெஞ்சில் ஏறி நின்றேன், என் உயிரெல்லாம் சேர்த்துக் கத்தினேன், அத்தே என்று. அப்பாவின் கை என் இடுப்பைப் பிடித்தது. இழுத்து உட்காரவைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நான் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது பஸ்ஸின் படியில் ஒரு கால் வைத்த அத்தை நின்றாள். திரும்பினாள். குடை சாய்ந்து கீழே தொங்கியது. பஸ் ஹார்ன் அடித்தது, அவள் ஏறவில்லை. பஸ் போனது. ரோட்டின் அந்தக் கரையில் அவள் மட்டும் நின்றாள். நடுவில் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் அவள் காணாமல் போய் மறுபடி வந்தாள். கையை நீட்டி வண்டிகளை நிறுத்தச் சொல்லிக்கொண்டே ரோட்டில் இறங்கினாள். அப்பா எழுந்து நின்றார். வண்டியை எடுப்பார் என்று பயந்தேன். அவர் சாவியைத் தொடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்தார், மறுபடி பிரித்துத் துடைத்தார்.

கடைக்காரர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"இத்தினி நாளா வந்து வந்து பாத்துட்டுப் போனீங்க, இன்னிக்காச்சும் ஒரு குரல் குடுத்தீங்களே ணா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூப்பிட்டது நான். அப்பா வாயே திறக்கவில்லை, பேரை மட்டும் அவர் தட்டிக்கொண்டு போகிறார். அதைத் திருத்திச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வாய் நிறைய பன் இருந்தது, விட்டுவிட்டேன்.